ஆழிக்குமரன் ஆனந்தன்: கடலைத் தன் விளையாட்டுக்களமாக்கிய சட்டத்தரணி

தீவக மக்களுக்குக் கடல் ஒரு பாதை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் ஆசிரியர், மாணவர், நோயாளர், நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார், நாகவிகாரையை நாடும் யாத்திரிகர், நயினாதீவுப் பள்ளிவாசலுக்குச் செல்லும் முஸ்லிம் சகோதரர் என அனைவரும் ஒரே அலையின் மீதே ஏறி இறங்குகின்றனர். சோளகம் வீசுகின்ற காலத்தில் அந்தப் பாதை எவ்வளவு கொடியதாக மாறும் என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு மீனவர்களுக்கோ கடல் வயலாகவும் இருக்கிறது. இவ்வாறு கடலைப் பாதையாகவும் பிழைப்பாகவும் அறிந்த நமது சமூகத்தில் அதனை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டாடியவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் ஆழிக்குமரன் என்று தமிழ் மக்களால் அழைக்கப்பட்ட வி.எஸ். குமார் ஆனந்தன் ஆவார்.

ஆனந்தன் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவரது பெயரை அறிந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆனால் அவர் என்ன செய்தார், எதற்காகச் செய்தார், அவரது வாழ்வும் முடிவும் நமக்கு விட்டுச்சென்ற செய்தி யாது என்பவற்றை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைந்து வருகின்றனர். பாக்குநீரிணையின் ஓரத்தில் வாழும் மக்கள் அவரை மறப்பது தமது கடலின் வரலாற்றிலே ஓர் அத்தியாயத்தை மறப்பதற்கு ஒப்பாகும்.

விவேகானந்த செல்வகுமார் ஆனந்தன் 1943ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி பிறந்தவர். அவரது ஊராகிய வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல்களாலும் கப்பலோட்டிகளாலும் பெயர் பெற்றது. அவ்வூரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வை மாலுமிகளால் செலுத்தப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தமை இன்றும் பெருமையுடன் நினைவுகூரப்படுகின்றது. கடலைக் கண்டு அஞ்சாத ஓர் ஊரின் பிள்ளை அவர்.

அயலூரான தொண்டைமானாறு பெற்றெடுத்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வடமராட்சிக் கரையிலிருந்து கோடிக்கரை வரை நீந்தி, பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்ற பெயரைப் பெற்றார். அப்போது ஆனந்தனுக்குப் பத்து வயது. வடபகுதி முழுவதும் பேசப்பட்ட அந்தச் செய்தி, கடற்கரையில் விளையாடித் திரிந்த ஒரு சிறுவனின் செவிகளை எட்டாமல் இருந்திருக்க முடியாது. கடலின் அக்கரைக்குத் தோணியின்றியும் செல்லலாம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் மனதில் அன்றே விதைக்கப்பட்டுவிட்டது எனலாம்.

ஆனந்தன் வளர்ந்து சட்டம் பயின்று சட்டத்தரணியானார். இதனை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் நீச்சல் அவரது தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை. கின்னஸ் நிறுவனம் சாதனையாளர்களுக்குப் பணம் வழங்குவதில்லை. நீண்ட தூர நீச்சலுக்கோ, துவிச்சக்கரவண்டியை ஓயாமல் ஓட்டுவதற்கோ பரிசுத்தொகை வைத்துக் காத்திருந்தவர்களும் நம் நாட்டில் இல்லை. தொழில் ஒரு புறம் இருக்க, தொழிலுக்கு அப்பால் எஞ்சிய நேரத்தையும் வலிமையையும் தன் உடலின் எல்லை எதுவென்று கண்டறிவதற்குச் செலவிட்டவர் அவர். நம் சமூகத்தில் படித்து உத்தியோகம் பார்ப்பவரின் ஓய்வு நேரம் பெரும்பாலும் பத்திரிகையிலும் அரட்டையிலும் கழிவதுதான் வழக்கம். அத்தகைய சூழலில் வழக்கேடுகளை மூடிவைத்துவிட்டு நீரில் இறங்கிய ஒரு சட்டத்தரணியை அக்காலத்தவர் சிலர் வியப்புடனும் சிலர் ஐயத்துடனும் நோக்கியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

அவரது பெயரை நாடெங்கும் எடுத்துச்சென்றது 1971ஆம் ஆண்டின் நீச்சலாகும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்துவதே அதுவரை பெருஞ்சாதனையாகக் கருதப்பட்டது. வங்காளத்தைச் சேர்ந்த சட்டத்தரணி மிகிர் சென் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்தியக் கடற்படையின் துணையுடன், இருபத்தைந்து மணித்தியாலங்களுக்கு மேல் நீந்தி அத்தூரத்தைக் கடந்திருந்தார். ஆனந்தன் அதே நீர்ப்பரப்பைக் கடந்து சென்று மீண்டும் நீந்தியே தலைமன்னாருக்குத் திரும்பி வந்தார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 51 மணித்தியாலங்கள். இரண்டு பகல்களும் இரண்டு இரவுகளும் கடந்து, மேலும் மூன்று மணித்தியாலங்கள் நீரிலேயே கழிந்தன. இருபக்கமும் நீந்திக் கடந்த முதல் மனிதர் என்ற பெயரும் அவருக்கே உரித்தாயிற்று.

இந்தச் செயலின் அருமையை அறிய வேண்டுமானால் அந்தக் கடலின் இயல்பை அறிந்திருக்க வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மணல் திட்டுகளால் பிரிக்கப்பட்ட இப்பகுதியில் கடல் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்தமையே ஒரு தொல்லை. ஒரு புறம் பாக்கு விரிகுடாவும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் நீரை மாறி மாறி இழுத்துக்கொள்வதால் நீரோட்டம் திட்டுகளுக்கிடையே வேகம் பெறுகின்றது. வாடையும் சோளகமும் ஓய்ந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களையே நீச்சல் வீரர்கள் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான். சொறிமுட்டைகள் தீண்டினால் தோல் எரியும். உப்புநீர் பட்டு நாவும் தொண்டையும் வீங்கும். துணைப்படகிலிருந்து நீட்டப்படும் உணவை நீரில் மிதந்தபடியே உண்ண வேண்டும். படகைப் பிடித்துக் களைப்பாறினால் அக்கணமே சாதனை முறிந்துவிடும். அக்கரை மணலைத் தொட்டதும் ஆசுவாசம் கொள்ளத் துடிக்கும் உடலை மீண்டும் கடலை நோக்கித் திருப்புவதற்கு வேண்டிய மனவுறுதி எத்தகையதென்பதை நாம் ஊகித்தே அறிய வேண்டும்.

இந்த இருவழிச் சாதனை சரியாக ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர அதே பாதையில் 28 மணித்தியாலம் 19 நிமிடங்களில் சென்று திரும்பினார். பயிற்சி முறைகளும் படகு வசதிகளும் காலநிலை முன்னறிவிப்பும் பெரிதும் முன்னேறிய ஒரு காலத்தில், ஒரு சிங்கள இளைஞர் ஒரு தமிழரின் சாதனையைத் துரத்திப் பிடித்த அந்த நாளில் ஆனந்தனின் பெயர் மும்மொழி ஊடகங்களிலும் மீண்டும் ஒலித்தது. விளையாட்டு மட்டுமே செய்யக்கூடிய நற்காரியம் இது என்று நாம் கருதுகின்றோம்.

கடலுடன் ஆனந்தனின் ஆர்வம் நின்றுவிடவில்லை. மனித உடல் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற ஒரே வினாவை அவர் பல வடிவங்களில் தொடுத்துக்கொண்டே இருந்தார். 1979ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடங்கள் இடைவிடாது துவிச்சக்கரவண்டி ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நாட்கள்! 128 மணித்தியாலங்கள் ருவிஸ்ற் நடனம் ஆடினார். குத்துச்சண்டைப் பயிற்சிப் பந்தை 136 மணித்தியாலங்கள் தொடர்ந்து குத்தினார். இரண்டு நிமிடங்களில் 165 தடவை படுத்தெழும் பயிற்சியைச் செய்துகாட்டினார். ஒற்றைக்காலில் 33 மணித்தியாலங்கள் நின்றார். 1981இல் சென்னை அண்ணா நீச்சல் தடாகத்தில் எதையும் பற்றாமல் 80 மணித்தியாலங்கள் நிலைநீச்சல் புரிந்தார். ஏழு உலக சாதனைகளுக்கு உரியவர் என அவர் போற்றப்படுவது இவற்றால்தான்.

இவற்றைக் கேட்டு நகைப்போரும் உண்டு. ஒற்றைக்காலில் நிற்பதால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பட்டம் விடுவதும் பயனற்றது. போர்த்தேங்காய் உடைப்பதும் மாட்டுவண்டிச் சவாரியும் பயனற்றவையே. ஆயினும் பொங்கற் காலத்தில் பட்டம் ஏறாத வானத்தை வடபகுதிப் பிள்ளைகள் வானமாகவே கருதமாட்டார்கள். ஆனந்தனின் 33 மணித்தியாலங்களை 1982இல் சத்தியமங்கலத்தைச் சேர்ந்த என். ரவி 34 ஆக்கினார். 1997இல் கொழும்பில் நம்மவரான சுரேஷ் யோக்கிம் அதனை 76 மணித்தியாலம் 40 நிமிடங்களாக உயர்த்தினார். ஒருவர் போட்ட கோட்டை மற்றொருவர் சற்றே நீட்டி வரைவதுதான் விளையாட்டின் இன்பம். கோட்டை முதலில் போட்டவருக்கு அதில் என்றும் ஒரு பங்கு உண்டு.

துணிவை விளையாட்டாகக் கொள்ளும் இந்த மனப்பாங்கு நம் காலத்தில் தோன்றியதும் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் முஸ்லிம்களின் ஆட்சியில் செழித்திருந்த அந்தலூசியாவின் குர்துபா நகரில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்ற அறிஞர் சிறகுகள் பூட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பறக்க முயன்றதை வரலாற்றாசிரியர் அல்மக்கரி பதிவுசெய்துள்ளார். சிறிது தூரம் காற்றில் மிதந்த அவர் இறங்கும்போது முதுகில் காயமுற்றார். பறவை தரையிறங்குவதற்கு வாலைத் துணைக்கொள்வதை அவர் கருத்திற்கொள்ளவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். புறப்படும் வித்தையை அறிந்த அளவுக்குத் திரும்பும் வித்தையையும் அறிந்திருக்க வேண்டும் என்ற பாடம் அதில் அடங்கியிருக்கின்றது.

இக்காலத்தில் விமானத்திலிருந்து குதித்துப் பொழுதுபோக்கும் வான்குதிப்பாளர்கள் அந்தப் பாடத்தை நன்கு கற்றவர்கள். பிரதான பரசூட்டுடன் ஒதுக்குப் பரசூட் ஒன்றும் அவர்கள் முதுகில் இருக்கும். உயரமானி கையில் இருக்கும். குதித்தவர் மயங்கிவிட்டாலும் குறித்த உயரத்தில் ஒதுக்குப் பரசூட்டை விரித்துவிடும் கருவியும் உண்டு. பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் அச்செயல் உண்மையில் பல மணிநேரச் சரிபார்ப்பின் விளைவாகும். கடல் நீச்சல்காரருக்கோ அத்தகைய ஒதுக்குப் பரசூட் அவருடன் வரும் படகும் அதிலிருந்து கண்கொட்டாமல் அவரை நோக்கியிருக்கும் மனிதர்களுமே. களைப்பு முற்றிய நிலையில் தன் நிலையை உணரும் ஆற்றலை நீந்துபவர் இழந்துவிடுகின்றார். போதும் என்ற முடிவை அவருக்காக மற்றொருவர் எடுக்க வேண்டும். அந்த முடிவு சில நிமிடங்கள் பிந்தினாலும் உயிர் போய்விடும்.

ஆங்கிலக் கால்வாய், நீண்டதூர நீச்சல்காரர்களின் மக்கா என்று சொல்லத்தகாவிடினும் அவர்கள் யாவரும் சென்றடைய விரும்பும் நீர்நிலை எனலாம். 1875ஆம் ஆண்டு கப்டன் மத்தியூ வெப் அதனை 21 மணித்தியாலம் 45 நிமிடங்களில் கடந்து வழி திறந்தார். அவரும் ஆனந்தனைப் போலவே நீரில் நாட்கணக்கில் மிதந்து காட்டியவர். 1883இல் நயாகராப் பேரருவியின் கீழுள்ள நீர்ச்சுழியைக் கடக்க முயன்று உயிரிழந்தார். நம் பிராந்தியத்திலிருந்து அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் புரொஜென் தாஸும் இந்தியாவின் மிகிர் சென்னும் 1958இல் கால்வாயைக் கடந்தனர். அடுத்த ஆண்டில் ஆரத்தி சாகா அதனைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணியானார்.

ஆனந்தன் தனது நாற்பத்தோராவது வயதில் அந்தக் கால்வாயில் இறங்கினார். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 33 கிலோமீற்றர். தூரத்தை மட்டும் பார்த்தால் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கடலைவிடச் சற்றே அதிகம். 51 மணித்தியாலங்கள் நீந்தியவருக்கு இது எளிதன்றோ என எண்ணத் தோன்றும். ஆனால் தூரத்தைவிடக் குளிரே அங்கு முதற்பகை. பாக்குநீரிணையின் நீர் மார்ச், ஏப்ரலில் 28 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். ஆங்கிலக் கால்வாயோ நடுக்கோடையிலும் 15 முதல் 18 பாகையைத் தாண்டுவது அரிது. நீர், காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உடலில் பூசிய கொழுப்பு தவிர வேறெதையும் விதிகள் அனுமதிப்பதில்லை. முதலில் விரல்கள் விறைக்கும். அடுத்துக் கைவீச்சுத் தளரும். பின்னர் மூளை தெளிவிழக்கும். வெப்பவலயத்தில் பிறந்து வளர்ந்த மெலிந்த உடலுக்கு இந்தச் சோதனை இருமடங்கு கடுமையானது.

1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆழிக்குமரன் ஆனந்தன் உயிர் நீத்தார். பாக்குநீரிணையில் தன்னை இருமுறை கரைசேர்த்த கடலின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையை அந்நியக் கடல் காப்பாற்றவில்லை. அச்செய்தி வந்தடைந்தபோது இலங்கைத் தமிழர் 1983 ஜூலையின் காயங்களுடன் இருந்தனர். மரணச் செய்திகள் வாடிக்கையாகிவிட்ட அந்நாட்களிலும் அவரது மறைவு தனியாக உணரப்பட்டது. எவரையும் வெல்வதற்காக அன்றித் தன்னையே வெல்வதற்காக வாழ்ந்த ஒரு மனிதரின் இழப்பு அது.

அவரது மறைவுக்குப் பின் நம் கடலே மாறிப்போயிற்று. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் அப்பாவிப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதைத் தீவக மக்கள் இன்றும் மறக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் வடபுல முஸ்லிம்கள் தம் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்த அவர்தம் பிள்ளைகள் தமது பெற்றோர் குளித்து விளையாடிய கடலைக் கதையாகவே கேட்டறிந்தனர். கரையில் எஞ்சியிருந்தோருக்கோ கடல், தடைசெய்யப்பட்ட வலயமாயிற்று. மீன்பிடிக்கவே அனுமதி வேண்டியிருந்த காலத்தில் பொழுதுபோக்காக நீந்துவது எவ்வாறு? 2009இல் போர் ஓயும்வரை ஒரு முழுத் தலைமுறை கடலருகே வாழ்ந்தும் கடலறியாமல் வளர்ந்தது. அக்காலத்தின் பல இழப்புகள் கணக்கிடப்பட்டுள்ளன. இந்த இழப்பை எவரும் கணக்கிடவில்லை.

அதன் விளைவை நாம் இன்று காண்கின்றோம். குளத்திலும் கிணற்றிலும் கடலிலும் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் செய்தி வராத மாதமில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் உயிரிழந்தபோது தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அனைவரும் கண்ணீர் வடித்தனர். பாலமும் பாதுகாப்பான படகும் தருவது அரசின் கடமை. அதனை உரத்துக் கேட்பது நமது உரிமை. அதேவேளை நீரைக் கடந்தே வாழ்வு நடத்தும் ஊர்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கப்படாமல் இருப்பதற்கு நாமும் பொறுப்பாளிகளே. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்ற அறிவுரை கலீபா உமர் (ரலி) அவர்களின் பெயரால் முஸ்லிம்களிடையே வழங்கிவருகின்றது. தமிழ்க் கரையோர ஊர்களிலும் தகப்பன் பிள்ளையைக் கடலில் இறக்கிப் பழக்குவது முன்னாளைய வழக்கம். இரு சமூகங்களுமே தமது நல்வழக்கமொன்றைக் கைநழுவ விட்டுள்ளன.

ஆனந்தனின் பெயரால் வல்வெட்டித்துறையில் நீச்சல் தடாகம் அமைக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் நெடுந்தீவுக்கும் அத்தகைய வசதி தேவை. பெரும்பொருட்செலவில் தடாகம் கட்டும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அலையற்ற பரவைக்கடலில் கயிறு கட்டி எல்லை வகுத்து, தேர்ந்த பயிற்றுநரின் மேற்பார்வையில், சோளகம் ஓய்ந்த மாதங்களில் பாடசாலைகள் நீச்சல் பழக்கலாம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் ஒழுங்குசெய்தால் தயங்கும் பெற்றோரும் முன்வருவர். பள்ளிவாசல், கோயில், தேவாலய நிருவாகங்கள் இதில் கைகோர்ப்பதற்குத் தடையேதும் இல்லை.

உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு தகுமா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. உயிர் இறைவன் தந்த அமானிதம் என்று முஸ்லிம்கள் நம்புகின்றனர். பெறுதற்கரிய பிறவி என்று சைவர் போற்றுகின்றனர். ஆதலால் ஆனந்தனின் முடிவைப் பின்பற்றுமாறு எந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்லமாட்டோம். அவரது முயற்சியை, ஒழுங்கை, ஓய்வு நேரத்தை உயர்ந்த ஒன்றுக்காகச் செலவிட்ட பண்பைப் பின்பற்றுமாறே சொல்வோம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அவரது முடிவிலிருந்தே கற்றுக்கொடுப்போம். குறிகட்டுவானில் படகேறும் ஒவ்வொரு பிள்ளையும், படகு கவிழ்ந்தாலும் கரைசேரும் ஆற்றலுடன் ஏறும் நாளே ஆழிக்குமரனுக்கு நாம் கடன் தீர்த்த நாளாகும்.